விண்வெளிப் படம்னா ஏதாவது ஒண்ணு உடைஞ்சே ஆகணுமா?

07-02-2025 | கும்மிடிப்பூண்டி வாசகர் கேட்டது

கிராவிட்டி, மார்ஷியன், அப்பல்லோ 13 மூணையும் வரிசையா பார்த்து முடிச்சேன். மூணும் ஒரே கதை. மேலே போறாங்க, ஏதோ உடையுது, ஒட்டுப்போட்டு இறங்குறாங்க. இதுக்கா இத்தனை கோடி? இன்னிக்கு இன்டர்ஸ்டெல்லார் மறுபடி ரிலீஸ். அதுவும் இதே கதைதான்னா டிக்கெட் காசு மிச்சம். பார்த்தவங்க சொல்லுங்க.

08-02-2025, இரவு 11.40

டிக்கெட் எடுங்க. நான் இன்னிக்குத்தான் சென்னைக்குப் போய் ஐமேக்ஸ்ல பார்த்துட்டு கடைசி வண்டியில வந்து இறங்கினேன்.

உடையறது நிஜம்தான். ஆனா எது உடையுது, எவன் கண்டுபிடிக்கிறான், கையில இருக்கிறதை வச்சு எப்படிச் சரி பண்றான், என் கணக்குல படமே அதுதான். ஸ்ரீசிட்டியில ஒரு கம்பெனியில எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் எனக்கு. பொழுது விடிஞ்சா அடைஞ்சா பிரேக்டவுன். அதனால என் தீர்ப்பு ஒருபக்கமாத்தான் சாயும், தெரிஞ்சுக்கிட்டுப் படிங்க.

2014ல முதல் தடவை பார்த்தப்போ பிளாக் ஹோல்தான் பெருசாத் தெரிஞ்சுது. அந்த உருவத்துக்குப் பின்னாடி கிப் தோர்ன் கொடுத்த சமன்பாடுகள் இருக்கு, அவருக்கு 2017ல இயற்பியல் நோபல் வந்தது. இப்போ பார்க்கும்போது என்னைப் பிடிச்சு உலுக்கினது வேற இடம். தண்ணிக் கிரகத்துல ஒரு மணி நேரம்னா பூமியில ஏழு வருஷம். இவங்க இறங்கி, மாட்டிக்கிட்டு, தப்பிச்சுத் திரும்பி வந்தா, மேலே கப்பல்ல காவலுக்கு விட்டுட்டுப் போன ஆளுக்கு 23 வருஷம் போயிருக்கு. தாடியில நரை. ஒரே ஆள், ஒரே கப்பல், 23 வருஷ நைட் ஷிப்ட். அவரைப் பத்தி நாலு வசனத்துக்கு மேல படத்துல இல்லை. ஹீரோ வீடியோ பார்த்து அழறாரு, தியேட்டரே அழுதுச்சு. நான் அந்தத் தாடிக்காரரையே நினைச்சுட்டு இருந்தேன்.

கடைசியில புத்தக அலமாரிக்குப் பின்னாடி போற பகுதி இன்னும் எனக்கு ஒட்டலை. அன்புதான் எல்லாத்தையும் தாண்டிப் போகும்னு விஞ்ஞானி வாயால சொல்ல வைக்கிறது டைரக்டர் குறுக்கு வழி.

09-02-2025

இன்டர்ஸ்டெல்லார்ல ஹீரோ வீட்டை விட்டுப் போகும்போதே கவுன்ட்டவுன் ஓடுதான்னு நாயுடுபேட்டை அண்ணன் கேட்டதுக்கு: ஆமா, கவுன்ட்டவுன் காட்சி அப்படித்தான் வருது. ராக்கெட்டைக் காட்டவே மாட்டாங்க. ஹீரோ பொண்ணை விட்டுட்டு வண்டி ஓட்டிட்டுப் போறாரு, அதுக்கு மேலேயே எண்ணிக்கை ஓடுது, பூஜ்யம் வரும்போது நெருப்பு. இதைவிடச் சுருக்கமா ஒருத்தன் வீட்டை விட்டுப் போறதைக் காட்ட முடியாது.

11-02-2025

சத்தம் பத்தி ஒண்ணு எழுதணும்னு இருந்தேன். எல்லாப் படத்துலயும் நெருப்பும் சத்தமும் ஒண்ணாவே வருது. நம்ம பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், அது அப்படி வராது. ஜனவரி 29 காலையில 6.23க்கு ஜிஎஸ்எல்வி எஃப்15 போச்சே, ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து நூறாவது லாஞ்ச், அன்னிக்கு நைட் ஷிப்ட் முடிச்சு ஆரம்பாக்கத்துக்கு வந்துட்டு இருந்தேன். ஏரிப் பக்கம் வானம் திடீர்னு ஆரஞ்சு. டீக்கடையில இருந்தவங்க எல்லாரும் வெளியே வந்தாச்சு. வெளிச்சம் ஏறுது, புகை வளையுது, சத்தமே இல்லை. ஒருத்தர் பாதி டீயைக் குடிச்சு முடிச்சாரு. அதுக்கப்புறம்தான் வந்துச்சு, காதுக்குக் கேட்கிறதுக்கு முன்னாடி கடை ஷட்டர் தகரம் அதிர ஆரம்பிச்சுது. சத்தம் வினாடிக்கு 340 மீட்டர் வாக்குல வருது, ஏவுதளத்துக்கும் நமக்கும் இருபத்தஞ்சு கிலோமீட்டர் தூரத்துக்குக் குறையாது. ஒரு நிமிஷத்துக்கு மேல இடைவெளி. அந்த நிமிஷத்துல எல்லாரும் வாயைத் திறந்துட்டு நிக்கிறதை ஒரு படத்துலயாவது காட்டுங்கப்பா.

அந்த நூறாவது லாஞ்ச் நல்லபடியாத்தான் போச்சு. செயற்கைக்கோள்தான் மாட்டிக்கிச்சு. மேலே போனப்புறம், எரிபொருள் எரிய ஆக்சிஜன் கொடுக்கிற ஆக்சிடைசரோட வால்வு திறக்கலை, வேண்டிய சுற்றுப்பாதைக்கு ஏத்த முடியலைன்னு அறிவிச்சுட்டாங்க. ஒரு வால்வு. இதைப் படிச்ச அன்னிக்கு எங்க பிளான்ட்ல ஒரு சொலினாய்டு வால்வு, கரன்ட்ல திறக்கிற வகை, திறக்காம லைன் நின்னு போய் நான் வாங்கின திட்டு தனிக்கதை.

12-02-2025

கிராவிட்டி பத்தி ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. 2013 படம், ஒன்றரை மணி நேரம்தான். வெளியே சத்தம் கேட்காதுங்கறதைக் கடைசி வரைக்கும் காப்பாத்தின படம்னு அதுக்கு முழு மார்க். துண்டு துண்டா சிதறிப் பறக்குது, கேட்கிறது மூச்சும் பின்னணி இசையும் மட்டும்.

ஆனா ஹப்பிள் தொலைநோக்கியில இருந்து ஐஎஸ்எஸ்க்கு, அதாவது சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு, முதுகுல மாட்டின ஜெட்டை வச்சுப் போறதெல்லாம் முடியாது. ஹப்பிள் 500 கிலோமீட்டர் உயரத்து வாக்குல சுத்துது, ஐஎஸ்எஸ் 400. உயர வித்தியாசம்கூடப் பெருசில்லை. ஹப்பிள் பாதை பூமத்திய ரேகைக்கு 28.5 டிகிரி சாய்வு, ஐஎஸ்எஸ் 51.6 டிகிரி. ரெண்டும் வெவ்வேற திசையில பறக்குது. ஆரம்பாக்கத்துல மெமு ரயிலைத் தவற விட்டவன், குறுக்கே போற எக்ஸ்பிரஸ்ல குதிச்சு ஏறின கதை.

கண்ணீர்த் துளி மிதந்து கேமரா பக்கம் வர்ற ஷாட் இருக்கே, அதுவும் தப்பு. எடை இல்லாத இடத்துல கண்ணீர் கண்ணை விட்டுப் போகாது, உருண்டையாத் திரண்டு கண்ணுலயே ஒட்டிக்கும். விண்வெளி வீரர் கிறிஸ் ஹேட்ஃபீல்ட் ஐஎஸ்எஸ்ல இருந்து தண்ணி விட்டுச் செஞ்சு காட்டின வீடியோ இருக்கு. எனக்கு நிஜம்தான் பிடிச்சிருக்கு. அழுதா கண்ணு மறைக்கும், துடைச்சாத்தான் பார்க்க முடியும்.

16-02-2025

விண்வெளிக்குச் சம்பந்தமில்லை, ஆனா இந்த வாரம் பார்த்தது அதுதான். வீட்டுக்காரம்மா சூளூர்பேட்டைக்காரங்க, தெலுங்குப் படம்னா அவங்க ஊர்லதான் பார்க்கணும்னு சட்டம். தண்டேல். அங்கே அந்தப் பெரிய ஸ்கிரீன் தெரியும்ல, நூறு அடிக்கு மேல அகலம். நாலாவது வரிசையில உட்கார்ந்தா நாக சைதன்யாவைப் பார்க்க ஒருபக்கம், சாய் பல்லவியைப் பார்க்க ஒருபக்கம்னு கழுத்தைத் திருப்பணும்.

ஸ்ரீகாகுளம் மீனவங்க குஜராத்துக்குப் போய் மீன் பிடிச்சு, எல்லை தாண்டி பாகிஸ்தான் ஜெயில்ல மாட்டின நிஜச் சம்பவத்தை வச்சு எடுத்த படம். காதல் பகுதி நீளம். கடல் பகுதி நல்லா இருந்துச்சு. கராச்சி ஜெயிலுக்குள்ள போனதும் படம் வேற படமாயிடுச்சு, கொடி, வீர வசனம். எனக்கு வேண்டியது கரையில காத்திருக்கிற பொம்பளைங்க. அதுக்கு சாய் பல்லவி ஒருத்தரே போதும்.

இடைவேளையில பக்கத்து சீட்டுக்காரர், பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர், சொன்னாரு: "ராக்கெட் விடற அன்னிக்கு எங்களுக்கும் எல்லைதான். கடலுக்குப் போகாதேன்னு முன்னாடியே சொல்லிடுவாங்க. லாஞ்ச் தள்ளிப் போச்சுன்னா எங்க பொழப்பும் தள்ளிப் போகும்." இதை எந்தப் படத்துலயும் நான் பார்த்ததில்லை. ராக்கெட் நின்னா டிவியில விஞ்ஞானி முகத்தைக் காட்டுவாங்க. கரையில ஏத்தி வச்ச படகைக் காட்ட மாட்டாங்க.

17-02-2025

சத்தியவேடு தம்பி, அந்தரிக்ஷம் படத்துத் தலைப்புல இருக்கிற மணிக்கு 9000 கிலோமீட்டர் வேகத்துல ஐஎஸ்எஸ் உயரத்துல சுத்தினா என்ன ஆகும்னு கேட்டிருக்கீங்க. சுத்தாது, விழும். அங்கே 27,000க்கு மேல வேணும். தலைப்பை விடுங்க. தெலுங்குல ஒருத்தர் துணிஞ்சு எடுத்தாரேன்னு 2018ல சந்தோஷமாப் பார்த்த படம் அது.

23-02-2025

தமிழ்ல என்ன இருக்குன்னு மார்த்தாண்டத்துக்காரர் கேட்டாரு. கேட்டுட்டு, "டிக் டிக் டிக்தான் இந்தியாவோட முதல் விண்வெளிப் படம்"னு அவரே பதிலையும் போட்டுட்டாரு. 2018ல போஸ்டர்ல அப்படித்தான் போட்டாங்க. அண்ணே, எம்ஜிஆரை மறந்துட்டீங்களே. கலை அரசி, 1963. வேற்றுக்கிரகத்துக்காரங்களுக்குப் பாட்டு தெரியாது, கத்துக்கிறதுக்காக பூமியில இருந்து பாட்டுக்காரி பானுமதியைத் தூக்கிட்டுப் போவாங்க. தலைவர் சும்மா விடுவாரா, பின்னாடியே போயிடுவாரு. எங்க பெரியப்பா இந்தப் படத்தைப் பத்தி ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு. யூடியூப்ல போன மாசம் பார்த்தேன். பறக்கும் தட்டு செட்டைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனா யோசனையைப் பாருங்க: வேற்றுக்கிரகத்துக்காரன் பூமிக்கு வர்றது தங்கத்துக்கோ தண்ணிக்கோ இல்லை, பாட்டுக்கு.

அதே 1963ல நவம்பர் 21ந்தேதிதான் உங்க ஊரைத் தாண்டி இருக்கிற தும்பாவுல இருந்து முதல் ராக்கெட் போச்சு. நாசா கொடுத்த நைக் அப்பாச்சி. மேரி மகதலேனாள் சர்ச்சை ஆபீஸா வச்சுக்கிட்டு, சைக்கிள்ல சாமான் கொண்டு போய்ச் செஞ்ச வேலை. அதைத் தமிழ்ல ஒருத்தரும் முழுப் படமா எடுக்கலையேங்கறதுதான் என் குறை. சர்ச், மீனவக் குடும்பங்க இடம் கொடுத்த கதை, சைக்கிள். வில்லனே வேணாம். உப்புக்காத்து ஒண்ணு போதும்.

டிக் டிக் டிக்கைப் பத்திக் கேட்டா, ஜெயம் ரவியும் அவர் பையனும் வர்ற இடம் நல்லா இருக்கும். மத்தபடி விண்வெளிக்குப் போயும் அது திருட்டுப் படம்தான், பூட்டு உடைக்கிறதுதான் வேலை. எனக்குப் புகார் இல்லை, பாட்டி ஊருக்குப் போற பஸ்ல போட்டா பார்ப்பேன்.

02-03-2025

இன்னிக்கு லீவு, அதனால நீளமா எழுதறேன். மார்ஷியன்.

செவ்வாய்ல தனியா மாட்டிக்கிட்ட ஹீரோ வளர்க்கிற உருளைக்கிழங்கைப் பத்தித்தான் எல்லாரும் பேசறாங்க. இன்னும் சிலர் அந்தப் புயலைப் பத்தி. புயல் பொய்தான். செவ்வாய்ல காத்தழுத்தம் பூமியில இருக்கிறதுல நூத்துல ஒரு பங்குகூட வராது, அந்தக் காத்து ஆளைத் தூக்கி எறியாது, ராக்கெட்டைச் சாய்க்காது. கதை ஆரம்பிக்க அவங்களுக்கு ஒரு விபத்து வேணும், கொடுத்துடுவோம்.

எனக்கு அந்தப் படத்துல முக்கியமான காட்சி வேற. மேலே மாட்டிக்கிட்டவனுக்குச் சாப்பாடு அனுப்ப அவசரமா ஒரு ராக்கெட் தயார் பண்றாங்க. நாள் பத்தலை. என்ன பண்ணலாம்னு உட்கார்ந்து பேசி, கடைசியா பண்ற பரிசோதனையை விட்டுடலாம்னு பெரியவர் முடிவெடுக்கிறாரு. பெரும்பாலும் ஒண்ணும் கிடைக்காத பரிசோதனைதான் அது. ராக்கெட் ஏறுது, கொஞ்ச நேரத்துல வெடிச்சுச் சிதறுது. உள்ளே வச்ச சாப்பாட்டுக் கட்டி அதிர்வுல இளகி ஒருபக்கமாச் சாய்ஞ்சதுதான் காரணம்னு மூல நாவல் சொல்லுது.

அந்த மீட்டிங் ரூமை நான் பார்த்திருக்கேன். எங்க பிளான்ட்ல. ஒரு மெஷின்ல பாதுகாப்புக் கதவு லிமிட் சுவிட்ச் அடிக்கடி மக்கர். கதவு மூடியிருந்தும் திறந்திருக்குன்னு காட்டும், மெஷின் நின்னுடும். மாசக் கடைசி, டார்கெட் பாக்கி. ஷிப்ட் இன்சார்ஜ் பக்கத்துல வந்து தோள்ல கை போட்டு, "ஒரு ஜம்பர் போட்டு விடுப்பா, நாளைக்குக் கழட்டிக்கலாம்"னாரு. ஜம்பர்னா வேற ஒண்ணுமில்லை, ரெண்டு இன்ச் ஒயர். பேனலைத் திறந்து ரெண்டு டெர்மினலையும் சேர்த்து முறுக்கினா மெஷின் கதவையே கேட்காது. கையில ஒயரை வச்சுட்டு நின்னேன். நல்லவேளை, எங்க சீனியர், தடாக்காரர், வந்து பார்த்துட்டு ஒரு வார்த்தை பேசலை. பேனல் கதவைச் சாத்தி, தன்னோட பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. இன்சார்ஜ் கத்தின கத்தல் கேன்டீன் வரைக்கும் கேட்டுச்சு. லைன் அன்னிக்கு நின்னுச்சு. புது சுவிட்ச் மறுநாள்தான் வந்தது.

இதுல எந்த விபத்தும் நடக்கலை, அதனால கதையே இல்லை. அவர் பூட்டுப் போட்டதால தப்பிச்சது யார் கைன்னு யாருக்கும் தெரியாது.

இப்போ 2019க்கு வாங்க. சந்திரயான் 2, ஜூலை 15 விடிகாலை 2.51க்கு லாஞ்ச். மச்சானும் நானும் பைக்ல சூளூர்பேட்டைக்குப் போயிட்டோம். ஏரி ரோட்டுப் பக்கம் அந்த நேரத்துலயும் திருவிழாக் கூட்டம், குழந்தைங்க தூக்கத்துல, வறுத்த கடலை வண்டி. கவுன்ட்டவுன்ல 56 நிமிஷம் பாக்கி இருக்கும்போது நிறுத்திட்டாங்க. தொழில்நுட்பக் கோளாறு. கூட்டத்துல ஒருத்தர் தெலுங்குல கெட்ட வார்த்தை, ஒருத்தர் தமிழ்ல. கடலைக்காரர் மட்டும், "அப்போ நாளைக்கும் வருவீங்களா?"ன்னு கேட்டாரு. ஒரு வாரம் கழிச்சு ஜூலை 22 மதியம் 2.43க்கு ஒழுங்காப் போச்சு.

அந்த நிறுத்தின ஆளுதான் எனக்கு ஹீரோ. நாடே டிவி முன்னாடி முழிச்சுட்டு உட்கார்ந்திருக்கு, ஜனாதிபதி நேர்ல வந்திருக்காரு, அப்போ ஒருத்தர் வேணாம்னு சொல்லணும். இதுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேணும்னு யோசிங்க. சினிமாவுல அப்படி ஒரு க்ளைமாக்ஸ் வைக்க முடியுமா? கவுன்ட்டவுன், கவுன்ட்டவுன், நிறுத்து. எல்லாரும் வீட்டுக்குப் போங்க. சுபம்.

04-03-2025

"அப்படி எடுத்தா ஸ்கிரீனைக் கிழிப்பாங்க"ன்னு நாயுடுபேட்டை அண்ணன். கிழிக்கட்டும். 1986 ஜனவரி 28ந்தேதி அமெரிக்க விண்வெளி ஓடம் சேலஞ்சர் வெடிச்சு ஏழு பேர் போனாங்களே, அதுக்கு முந்தின ராத்திரி குளிர் அதிகம், ரப்பர் வளையம் அடைக்காது, விட வேணாம்னு இன்ஜினியர்ங்க சொன்னாங்க. மேலே இருக்கிறவங்க கேட்கலை. ஏற்கனவே தள்ளித் தள்ளிப் போன லாஞ்ச் அது. பின்னாடி விசாரணையில இயற்பியல் விஞ்ஞானி ஃபெய்ன்மன் அந்த ரப்பரை ஐஸ் தண்ணியில முக்கி எடுத்துக் காட்டினாரு. அந்த ராத்திரி டெலிபோன் மீட்டிங்கை மட்டும் ரெண்டு மணி நேரப் படமா எடுங்க. ஒரு ரூம், ஒரு ஸ்பீக்கர் போன். ராக்கெட்டே காட்ட வேணாம். நான் முதல் நாள் முதல் ஷோ.

19-03-2025, காலை

சுனிதா வில்லியம்ஸ் இறங்கியாச்சு. நம்ம நேரத்துக்கு விடிகாலை மூணரை. பொண்ணு அலாரம் வச்சு எழுந்து பார்த்தா, ஒன்பதாவது படிக்கிறா, இன்னிக்கு ஸ்கூல்ல தூங்குவா.

எட்டு நாள் வேலைன்னு 2024 ஜூன் 5 கிளம்பினவங்க, 286 நாள் ஆச்சு. வாட்ஸ்அப் முழுக்க மார்ஷியன் நிஜமாயிடுச்சுன்னு மீம். இல்லைங்க. அங்கே சாப்பாடு இருந்துச்சு, வேலை இருந்துச்சு, பக்கத்துல ஆள் இருந்துச்சு. படத்தோட ஒப்பிடணும்னா செப்டம்பரை எடுங்க. அவங்க போன ஸ்டார்லைனர் கப்பல்ல ஹீலியம் கசிவு, த்ரஸ்டர்னு சொல்ற திசை திருப்பற சின்ன எஞ்சின் சிலது மக்கர். பல வாரம் பேசி, ஆள் இல்லாம வெறும் கப்பலாக் கீழே அனுப்பிடலாம்னு முடிவு. செப்டம்பர் 7ந்தேதி அது பத்திரமா வந்து இறங்கிடுச்சு. உடனே எல்லாரும், "பார்த்தியா, அதுலயே வந்திருக்கலாம்." எங்க சீனியர் பூட்டுப் போட்ட மறுநாள் இன்சார்ஜும் இதையேதான் சொன்னாரு: "ஒண்ணும் ஆகியிருக்காது." இருக்கலாம். ஆகாதுன்னு அன்னிக்கு எழுதிக் கையெழுத்துப் போட ஒருத்தரும் இல்லை, அவ்வளவுதான்.

30-03-2025

யுகாதி. வீட்ல பச்சடி, போளி, மாமியார் வீட்டுக் கூட்டம். மதியம் எல்லாரும் சேர்ந்து பார்த்தது மிஷன் மங்கள், 2019 இந்திப் படம், டப்பிங்.

இதை வந்த புதுசுல பார்த்துட்டுத் திட்டினவன் நான். வித்யா பாலன் பூரி சுட்டுக் காட்டுவாங்க, எண்ணெய் காஞ்சதும் கேஸை அணைச்சாலும் பூரி வேகும், அதே மாதிரி எரிபொருளை விட்டு விட்டு எரிச்சா மிச்சம்னு. விஞ்ஞானி பெண்ணா இருந்தா சமையல் கட்டுக்குப் போய்த்தான் ஐடியா வரணுமான்னு கோபம் வந்துச்சு. இன்னிக்கு மாமியார் அந்தக் காட்சியில, "அவ சரியாத்தான் சொல்றா"ன்னாங்க. அதுவரைக்கும் போன்ல இருந்தவங்க, அதுக்கப்புறம் படம் முடியற வரைக்கும் போனைத் தொடலை. ராக்கெட் ஏன் ஒரே மூச்சுல போகாம சுத்திச் சுத்திப் போகுதுன்னு என்கிட்ட கேட்டாங்க. இத்தனை வருஷமா சூளூர்பேட்டையில இருந்து ராக்கெட் பார்க்கிறவங்க, முதல் தடவையா கேட்கிறாங்க. அதனால பூரி மேல இருந்த கோபம் பாதி போச்சு. பாதி இருக்கு.

அவங்களுக்குச் சொன்ன பதிலை இங்கேயும் போடறேன். 2013 நவம்பர் 5ந்தேதி பிஎஸ்எல்வி சி25 மங்கள்யானைக் கொண்டு போச்சு. அந்த ராக்கெட்டுக்கு நேரா செவ்வாய்க்கு எறியற சக்தி கிடையாது. பூமியைச் சுத்த விட்டு, கிட்ட வர்றப்போ எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா எஞ்சினை எரிச்சு, பாதையை நீட்டி நீட்டி, டிசம்பர் 1ந்தேதிதான் பூமியை விட்டாங்க. அப்புறம் அந்தப் பெரிய எஞ்சின் முந்நூறு நாள் கிட்டத்தட்ட தூக்கம். 2014 செப்டம்பர் 24 செவ்வாய்கிட்ட போனதும் எழுந்து இருபது நிமிஷத்துக்கு மேல எரியணும். எழலைன்னா எல்லாம் போச்சு. அதனால ரெண்டு நாள் முன்னாடி நாலு வினாடி மட்டும் எரிச்சுப் பார்த்தாங்க.

அந்த நாலு வினாடிக்காக என்ன வேணா கொடுப்பேன். ஒரு மாசம் ஓட்டாத டீசல் ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணும்போதே எனக்கு வயித்தைக் கலக்கும்.

வீட்டுக்காரம்மா கேட்டாங்க: "படத்துல அதை ஏன் பெருசாக் காட்டலை? பாட்டுக்கு மட்டும் நேரம் இருக்கு."

14-04-2025

புத்தாண்டு. மாங்காப் பச்சடி ரெண்டாவது ரவுண்டு, ரெண்டு மொழி வீட்ல இது ஒரு வசதி. நேத்தோட அப்பல்லோ 13 வெடிச்சு 55 வருஷம். 1970 ஏப்ரல் 13. அதைச் சாக்கா வச்சுப் படத்தைப் பொண்ணோட மறுபடி பார்த்தேன்.

கேள்வி கேட்ட கும்மிடிப்பூண்டிக்காரருக்கு என் முழுப் பதில் இந்தப் படம்தான். 1995 படம். மிதக்கிற காட்சிகளை நாசாவோட விமானத்துல நிஜமாவே மிதக்க விட்டு எடுத்தாங்க, ஒரு தடவைக்கு இருபத்தஞ்சு வினாடி வாக்குலதான் கிடைக்கும். அதனால அந்த நடிகர்ங்க முகத்துல இருக்கிறது நடிப்பா குமட்டலான்னு தெரியாது.

மூச்சுக் காத்தைச் சுத்தம் பண்ற சதுர ஃபில்ட்டரை வட்ட ஓட்டையில மாட்டற காட்சி எல்லாருக்கும் தெரியும். மேஜை மேல அட்டை, ஹோஸ், டேப்பைக் கொட்டி, இதை வச்சு அதைச் செய்யுங்கன்னு விடுவாங்க. பொண்ணு அந்த இடத்துல பாஸ் பண்ணச் சொல்லிட்டு, மேஜையில என்னென்ன இருக்குன்னு எண்ணினா.

எனக்கு வேண்டியது வெடிச்ச காரணம். ஆக்சிஜன் டாங்க் உள்ளே ஹீட்டர், சூடு அதிகமானா அதை நிறுத்த ஒரு தெர்மோஸ்டாட் சுவிட்ச். சுவிட்ச் 28 வோல்ட்டுக்குச் செஞ்சது. ஏவுதளத்துல கொடுக்கிற சப்ளை 65 வோல்ட்னு பின்னாடி மாத்தினாங்க, இந்த சுவிட்சை மட்டும் யாரும் மாத்தலை. பரிசோதனை சமயத்துல டாங்க்கைக் காலி பண்ண ஹீட்டரை மணிக்கணக்கா ஓட விட்டப்போ சுவிட்ச் திறக்கப் பார்த்துச்சு, கான்டாக்ட் உருகி ஒட்டிக்கிச்சு. ஹீட்டர் ஆஃப் ஆகவே இல்லை. உள்ளே சூடு ஏறி ஒயர் மேல இருந்த இன்சுலேஷன் வெந்து போச்சு. வெளியே இருந்து பார்த்தா டாங்க் புதுசு. அப்படியே மேலே போச்சு.

ஒட்டிக்கிட்ட கான்டாக்ட்டை நான் கையில வச்சுப் பார்த்திருக்கேன். எங்க பழைய பம்ப் பேனல்ல கரன்ட்டைச் சேர்த்துப் பிரிக்கிற கான்டாக்டரைக் கழட்டினா, வெள்ளி முனை ரெண்டும் ஒண்ணா உருகி, கறுத்து, ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினாத்தான் பிரியும். காயில்ல கரன்ட் இல்லை, பம்ப் மட்டும் ஓடிட்டே இருக்கும். புதுசா வர்ற பையன் காயிலைச் செக் பண்ணிட்டு, "சார், எல்லாம் ஓகே"ம்பான். மூணு பேர் நிலாவுக்குப் போற வழியில மாட்டினது இந்தக் கழுதையால.

உடையறது ஒரே கதைன்னீங்களே. கிராவிட்டியில வெளியே இருந்து வந்து அடிக்குது. மார்ஷியன்ல அவசரம் உடைக்குது. இங்கே உடைஞ்சது மேலே போறதுக்கு முன்னாடியே, தரையில. எனக்கு இது மூணும் வேற வேற கதை.

20-04-2025

ராக்கெட்ரி பார்த்தீங்களான்னு மார்த்தாண்டத்துக்காரர். பார்த்தேன், 2022லயே, தமிழ்ல சூர்யா பேட்டி எடுப்பாரே அது. அது இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் கதை, அவர் உங்க நாகர்கோவில்காரர்னு ஒரு பெருமை உங்களுக்கு, இருக்கட்டும். 1994ல உளவு வழக்குல கைது, 1996ல சிபிஐ வழக்குல ஒண்ணுமில்லைன்னு சொல்லிடுச்சு, உச்ச நீதிமன்றம் 50 லட்சம் இழப்பீடு சொன்னது 2018ல. 24 வருஷம். மாதவன் இளைஞரா வர்ற பகுதி சினிமா, வயசான பகுதி நிஜம். மழையில ஆட்டோக்காரர் கூட ஏத்த மாட்டேங்கிற மாதிரி குடும்பம் அவமானப்படற காட்சிகள்ல நான் எழுந்து போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்தேன். அவர் குழு செஞ்ச விகாஸ் ராக்கெட் எஞ்சின் வேலையை இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம். பிஎஸ்எல்வி இரண்டாம் கட்டத்துல இன்னிக்கும் எரியறது அதுதான்.

04-05-2025

டூரிஸ்ட் ஃபேமிலி நல்லா இருக்கு, போய்ப் பாருங்க. இலங்கையில இருந்து படகுல வந்த குடும்பம், ஒரு தெரு, சசிகுமார், சிம்ரன். ராக்கெட் இல்லை. எல்லையில இருக்கிற நமக்கு வேற மாதிரி சுடும். எங்க தெருவுல பாதிப் பேர் எந்த மாநிலம்னு கேட்டா ரேஷன் கார்டை எடுத்துத்தான் சொல்லணும்.

அதே ராத்திரி ஃபர்ஸ்ட் மேன், 2018. ஆம்ஸ்ட்ராங் படம். இதுல விண்கலம் பளபளப்பா இல்லை. போல்ட் கிறீச்சிடுது, தகரம் அதிருது, சுவிட்ச் கிட்டக்கப் பார்த்தா கீறல். ஆம்ஸ்ட்ராங் போன ஜெமினி 8 விண்கலம் கட்டுப்பாடில்லாமச் சுத்த ஆரம்பிக்கிற காட்சி: 1966ல நிஜமா நடந்தது, ஒரு த்ரஸ்டர் திறந்தபடி மாட்டிக்கிட்டு வினாடிக்கு ஒரு சுத்து வரைக்கும் போச்சு. பார்த்துட்டு எனக்குத் தலை சுத்தினது நிஜம். நிலாவுல கதவைத் திறந்ததும் எல்லாச் சத்தமும் போயிடும். இன்டர்ஸ்டெல்லாருக்கு மேலே இதை வைக்கறேன். பிப்ரவரியில கேட்டிருந்தா மாத்திச் சொல்லியிருப்பேன். ஆனா அந்த 23 வருஷத் தாடிக்காரர் இந்தப் படத்துல இல்லை, அது ஒரு குறை.

18-05-2025, காலை 9.10

பார்த்திருப்பீங்க. காலை 5.59க்கு பிஎஸ்எல்வி சி61. மொட்டை மாடியில நின்னு பார்த்தோம், ஏறினது அழகாத்தான் ஏறுச்சு, சத்தமும் வழக்கம்போல நிதானமா வந்துச்சு. கைதட்டிட்டுக் கீழே இறங்கி வந்து டிவியைப் பார்த்தா முகங்கள் சரியில்லை. மூணாவது கட்டத்துல அழுத்தம் குறைஞ்சுடுச்சு, செயற்கைக்கோள் போய்ச் சேரலைன்னு இஸ்ரோ தலைவர் நாராயணன் சொல்லிட்டாரு. நாங்க கைதட்டினப்போ ராக்கெட் நல்லாத்தான் இருந்துச்சு. கெட்டது கண்ணுக்குத் தெரியாத தூரத்துல.

18-05-2025, இரவு

காலையில இருந்து மூணு காரணம் வாட்ஸ்அப்ல வந்துடுச்சு, சதி உட்பட. எங்க தெருப் பையன் ஒருத்தன் விளக்கப் படமே வரைஞ்சுட்டான். ஒரு மோட்டார் எரிஞ்சா எனக்கே காரணம் எழுத ரெண்டு நாள் ஆகுது, அதுவும் மோட்டார் என் மேஜை மேல இருக்கும்போது. இவங்க ராக்கெட் மோட்டார் கடல்ல. கையில இருக்கிறது அது அனுப்பின எண்கள் மட்டும். அதை வச்சுக்கிட்டு ஒவ்வொரு வினாடியாப் பின்னாடி போவாங்க. அழுத்தம் எந்த வினாடியில விழ ஆரம்பிச்சுது, அதுக்கு முன்னாடி எது அசைஞ்சுது, அந்த மோட்டார் வெளிக்கூட்டை எந்த நாள்ல யார் பரிசோதிச்சுக் கையெழுத்துப் போட்டது. சத்தியவேடு தம்பி, இதைப் படமா எடுத்தா யார் ஹீரோன்னு கேட்டீங்க. பழைய ஃபைலைத் தேடி எடுத்துட்டு வர்ற கிளார்க்.

எளாவூர்ல இருந்து ஒருத்தர் கேட்ட கேள்வி பாக்கி இருக்கு: பசங்களை அடுத்த லாஞ்சுக்குக் கூட்டிட்டுப் போகலாமான்னு. தாராளமா. உள்ளே பார்வையாளர் கேலரி 2019ல இருந்து இருக்கு. ஆன்லைன்ல முன்பதிவு, திறந்த வேகத்துல தீர்ந்துடும். ஒரிஜினல் அடையாள அட்டை கட்டாயம். விடிகாலை லாஞ்ச்னா மெமுவை நம்பாதீங்க, முந்தின ராத்திரியே சூளூர்பேட்டைக்கு வந்துடுங்க. நிறுத்திட்டாங்கன்னா பசங்களைச் சமாதானப்படுத்த பக்கத்துலயே அந்தப் பெரிய ஸ்கிரீன் இருக்கு, என்ன படம் ஓடுதுன்னு மட்டும் முன்னாடியே பார்த்து வச்சுக்குங்க.